ஒரே நாளில் ஓர் இசைத்தொகுப்பு

1993-ஆம் ஆண்டு. போஸ்னியாவில் கடும் போர். அங்கே குழந்தைகள் படும் பாட்டைக் கண்டு மனம் பொறுக்காமல், பிரிட்டனைச் சேர்ந்த பில் லீசன், டேவிட் வில்சன் என்ற இரு திரைப்படக் கலைஞர்கள் 'வார் சைல்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். நடமாடும் பேக்கரி ஒன்றைக் கொண்டுபோய், ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்து, வார் சைல்டுக்கு நிதி திரட்ட இசை. 1995 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. பால் மெக்கார்ட்னி, ஒயாசிஸ், ப்ளர், ரேடியோஹெட் என்று அன்றைய முன்னணிக் கலைஞர்கள் அந்த ஒரே நாளில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். சனிக்கிழமையே 'ஹெல்ப்' இசைத்தொகுப்பு கடைக்கு வந்துவிட்டது! விற்றுக் கிடைத்த தொகை 10 லட்சம் பவுண்டுக்கும் மேல். அத்தனையும் போரில் சிக்கிய குழந்தைகளுக்கு.

ஓபரா பாடகர் பவரோட்டியும் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டினார். 1997 டிசம்பரில், போஸ்னியாவின் மோஸ்டார் நகரில் அவர் பெயரிலேயே இசை மையம் திறக்கப்பட்டது. குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே டிரம்ஸ் அடித்தார்கள், கிடார் கற்றார்கள். மனக்காயம் பட்டவர்களுக்கு இசை வழியாகவே சிகிச்சையும் தந்தார்கள்.

பசிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பயந்து ஒடுங்கிய பிள்ளைக்கு இரண்டுமே வேண்டும். வார் சைல்ட் இன்றும் போர் நடக்கும் பல நாடுகளில் குழந்தைகளுக்காகப் பணியாற்றி வருகிறது.