ஊரைத் தேடிச் சென்ற சிகிச்சை

மதுப் பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று கண்டிப்போர் பலர். அது சிகிச்சை வேண்டும் நோய் என்று உணர்வோர் சிலரே. அவ்வாறு உணர்ந்த குடும்பத்தார்க்கும் கிராமத்தில் வழி எளிதன்று. வைத்தியசாலை நெடுந்தொலைவில் இருக்கும். அங்கே தங்கினால் நாட்கூலி போகும். பயணத்துக்குக் கடன் வாங்க நேரும். ஊராரின் ஏளனம் வேறு.

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980ஆம் ஆண்டிலே சென்னையில் போதை நோயாளருக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினார். அதன் சிகிச்சை 1989இல் மஞ்சக்குடி என்னும் காவிரிப் படுகைக் கிராமத்துக்கே முகாமாகச் சென்றது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், உறக்கமின்மை, சிலவேளை வலிப்பும் உண்டாகும். ஆதலின் முகாமில் முதலில் வைத்தியரின் கண்காணிப்பு. அடுத்து, நோயாளிக்கும் குடும்பத்தார்க்கும் அறிவுரை. ஊரவர் துணையின்றி இது நடவாது.

அத்துணையின் பயன் பின்னரே விளங்கும். நகரத்திலே குணமடைந்து திரும்புபவன், பழைய மதுக்கடை வழியே தனியனாய் நடக்கிறான். ஊரிலேயே குணமடைந்தவனுக்கோ, அவன் முயற்சியை அறிந்தோர் அயலில் உளர். அவன் தடுமாறினால் மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துவர அவர்களால் இயலும். அவன் வேலைக்குச் செல்வதைக் கண்டு இன்னொரு வீட்டாரும் துணிவு கொள்வர்.

மனநோய்க்கும் இது பொருந்தும். மருந்து கொடுப்பவர் வைத்தியர். குணமடைந்தவனை மனிதனாக ஏற்றுக்கொள்ள வேண்டியது ஊர். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும்போதே சிகிச்சை முழுமை பெறுகிறது.