வயசுக்கேத்த பண்ணையம்

பணி ஓய்வு பெறப் போகிறவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், முன்பெல்லாம் "பேரன் பேத்தியைப் பார்த்துக்கிட்டு, கோயில் குளம்னு போய்ட்டு வரவேண்டியதுதான்" என்பார்கள். இப்போது பலரும் "இயற்கை விவசாயம்" என்கிறார்கள். நம் இயக்கம் நடத்தும் பயிற்சிகளுக்குப் போனால் நரைத்த தலைகள் நிறையத் தெரிகின்றன. ஆசிரியராக இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், பட்டாளத்தில் இருந்தவர் என்று எல்லோரும் வருகிறார்கள். காரணம் கேட்டால் முதலில் வருவது, "உடம்புக்கு நல்லதுங்க."

நானும் அந்த வழியில் வந்தவன்தான். 35 வருடம் வங்கி வேலை. அதில் பாதிக்கு மேல் பயிர்க்கடன், கறவை மாட்டுக் கடன் என்று ஊர் ஊராகத் தோட்டம் பார்த்த வேலை. 60 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது 67. கோபி பக்கம் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். வாழை, முருங்கை, எலுமிச்சை, வீட்டுக்கு வேண்டிய காய்கறி, ஒரு நாட்டு மாடு.

விவசாயம் வயதான உடம்புக்கு நல்லதா என்றால், நல்லதுதான். ஆனால் சட்டையை உடம்புக்குத் தகுந்தபடி தைப்பதுபோல, பண்ணையத்தையும் வயதுக்குத் தகுந்தபடி தைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் யாரோ செய்கிறார் என்று அவர் அளவுச் சட்டையை நாம் போட்டுக்கொண்டால் நடக்கும்போதே தடுக்கும்.

தோட்டம் தரும் உடற்பயிற்சி

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஓர் வழிகாட்டுதல் வெளியிட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது சொல்வது மூன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் வேலை வேண்டும். மூன்று நாளாவது கீழே விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சி வேண்டும். நகரத்தில் இருப்பவர் இதற்குப் பூங்கா, ஜிம், யோகா வகுப்பு என்று மூன்று இடம் போக வேண்டும். நமக்கு மூன்றும் தோட்டத்திலேயே இருக்கின்றன.

காலையில் வேலியோரமாக ஒரு சுற்று சுற்றி வந்தால் நடை ஆயிற்று. தண்ணீர்க் குடமோ சாணிக் கூடையோ தூக்கினால் தசைக்கு வேலை. வரப்பின் மேல் நிதானமாக நடப்பதே சமநிலைப் பயிற்சி. மெத்தைத் தரையில் நடந்து பழகிய கால், வரப்பில் ஏறினால் முதல் மாதம் தள்ளாடும். பிறகு அதுவாகவே பிடித்துக்கொள்ளும்.

இதில் தசை விஷயம் முக்கியம். முப்பது வயதுக்கு மேல் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் கூடுகிறது. வங்கிப் பாஷையில் சொன்னால், வரவு நின்று போன கணக்கில் பற்று மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, படியேறினால் தொடை நடுங்குகிறது என்பதெல்லாம் இருப்பு குறைந்துவிட்டது என்ற அறிவிப்புதான். நடைப்பயிற்சி மட்டும் போதாது. ஏதாவது தூக்க வேண்டும், இழுக்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும்.

தோட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நடைப்பயிற்சியை "இன்னிக்கு வேண்டாம்" என்று தள்ளிப் போடலாம். மாட்டைத் தள்ளிப் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் கறந்தாக வேண்டும். அது தரும் கட்டாயம்தான் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது.

எவ்வளவு நிலம், என்ன பயிர்?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டு ஆறு ஏக்கர் வாங்கினார். ஆள் கிடைக்கவில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் ராத்திரியே தண்ணீர் கட்டினார். இரண்டாவது வருடம் வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நிலத்தை விற்றுவிட்டு இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு உழைப்பில் குறை இல்லை. நிலம்தான் ஆளைவிடப் பெரிதாக இருந்தது.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நூறு வயதைத் தாண்டியும் இயற்கை முறையில் உழவு செய்தவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 செப்டம்பரில் மறைந்தார். எல்லோரும் அவர் வயதைப் பார்த்து வியந்தார்கள். நான் அவர் நிலத்தின் அளவைப் பார்த்தேன். இரண்டரை ஏக்கர்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் வருடம் 20 சென்ட் போதும். ஆளே வராத நாளிலும் நாம் ஒருவராக எவ்வளவு பார்க்க முடிகிறதோ அதுதான் நம் அளவு. மிச்ச நிலம் இருந்தால் மரப்பயிருக்கும் தீவனத்துக்கும் விட்டுவிடலாம்.

பயிரும் அப்படித்தான். நெட்டைத் தென்னை பலனுக்கு வர ஆறேழு வருடம் ஆகும், வந்த பிறகும் ஏறிப் பறிக்க ஆள் தேட வேண்டும். செடி முருங்கை விதைத்த ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கவாத்து செய்து கை எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, பப்பாளி எல்லாம் தரையில் நின்றே பறிக்கிற பயிர்கள். அறுபதுக்கு மேல் ஏணி நமக்கு வேண்டாம்.

குனியாமல் செய்யும் வழி

ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா 95 வயது வரை வாழ்ந்தார். எந்த வேலையைச் செய்யாமல் விடலாம் என்று தேடிப் போனதுதான் அவருடைய வேளாண்மை. வயதானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. மூடாக்கு நன்றாகப் போட்டால் களை குறைகிறது, தண்ணீர் கட்டும் முறை குறைகிறது. மண்ணுக்கு நல்லது என்று நாம் செய்வது நம் முதுகுக்கும் நல்லதாகிறது.

ஜீவாமிர்தம் 200 லிட்டர் டிரம்மில் கலக்குகிறோம். அதை வாளி வாளியாக மொண்டு சுமக்கத் தேவையில்லை. டிரம்மைத் தொட்டி மேட்டில் வைத்து, அடியில் ஒரு குழாய் பொருத்தி, பாசனத் தண்ணீரோடு சொட்டுச் சொட்டாகக் கலந்து போகும்படி விட்டால் வேலை முடிந்தது. சொட்டுநீர்க் குழாயில் விடுவதாக இருந்தால் நன்றாக வடிகட்ட வேண்டும்.

கைத்தெளிப்பானின் தொட்டி 16 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் முதுகில் 16 கிலோவுக்கு மேல். பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா என்பதுதானே கணக்கு? ஐந்து லிட்டருக்கு 150 மில்லியாகப் போட்டுக்கொண்டு இரண்டு நடையாக அடிக்கலாம். அதிகமாக நடந்தால் கெட்டுப் போகாது.

களைக்கு நீளக் காம்பு போட்ட களைக்கொத்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சின்ன மணை. மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டுவிட்டதால் ராத்திரி கிணற்று மேட்டுக்குப் போகும் வேலையே இல்லை. பாம்பு பயமும் ஈரக் கையோடு சுவிட்ச் தொடும் ஆபத்தும் ஒன்றாகத் தீர்ந்தன.

மாத்திரையும் மண்வெட்டியும்

இந்த விஷயத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். எனக்கு 54 வயதில் சர்க்கரை வந்தது. பிறகு ரத்த அழுத்தம். தோட்டத்துக்கு வந்தபின் மாத்திரையையே நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. இரண்டு வருட உழைப்பும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய லாபம். "இயற்கை உணவு சாப்பிடறோம், இனி மாத்திரை எதுக்கு?" என்று தானாகவே நிறுத்துவது ஆபத்து. நம் கூட்டங்களில் இதை யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

சிறுதானியத்திலும் மாவுச்சத்து உண்டு. சாமையோ ராகியோ, அளவு தப்பினால் சர்க்கரை ஏறும். மாவாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். சோறாகப் பொங்கி, பாதித் தட்டு காய், ஒரு கை பயறு என்று சாப்பிடுவது நல்லது. தசைக்குப் புரதம் வேண்டும். தட்டைப்பயறு, நிலக்கடலை, மோர், முட்டை எல்லாம் நம் தோட்டத்துச் சரக்குதான்.

சில நடைமுறைகள்:

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் மண்வெட்டி பிடிக்கக் கூடாது. மடியில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, கண் இருட்டுவது என்றால் உடனே வாயில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

வெறுங்காலோடு மண்ணில் நடப்பது நல்லது என்று சொல்வார்கள். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் குத்தினால்கூடத் தெரியாது. செருப்பு கட்டாயம். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்க்க வேண்டும். தடுப்பூசியில் டெட்டனஸ் ஊசி விட்டுப் போயிருந்தால் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் வெளியேற்றும். வெயில் காலத்தில் எப்படிச் சமாளிப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. என் வேலை நேரம் காலை 6 முதல் 9. மாலை நாலரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம். நடுவில் வெயில் அதன் வேலையைப் பார்க்கட்டும்.

தோட்டத்தில் எந்த மூலைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சாளையில் வைத்துவிட்டுப் போனால் அது உதவாது.

பணத்துக்கும் ஒரு வார்த்தை. ஓய்வுப் பணத்தில் இரண்டு வருட வீட்டுச் செலவும் மருத்துவச் செலவுக்கான தொகையும் தனியாக ஒதுக்கிய பிறகுதான் நிலத்துக்கும் கிணற்றுக்கும் கை வைக்க வேண்டும். தூக்கம் கெட்டால் எந்தக் கீரையும் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது.

அவர்களுக்கு எங்கே ஓய்வு?

எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க ஓர் அக்கா வருகிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் உடம்புக்காகத்தான் உழைக்கிறேன் என்று ஒருநாள் பேச்சு வந்தபோது சிரித்தார். "ஏனுங் சார், நீங்க இத்தன வருசம் உக்காந்து சம்பாரிச்சீங்க, இப்ப வேர்வைக்கு வாரீங்க. நாங்க வேர்வையிலயே இருந்துட்டோம். எங்களுக்கு உக்காரத்தான் நேரமில்லீங்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஒன்பது மணிக்கு மண்வெட்டியை வைத்துவிட்டு வரலாம், மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. அவருக்கு அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். 2023-இல்தான் அது 1,000-த்தில் இருந்து உயர்ந்தது. வாழ்நாள் முழுக்கக் குனிந்தே களையெடுத்த முழங்காலுக்கும் இடுப்புக்கும் இனி "உடற்பயிற்சி" தேவையில்லை. தேவைப்படுவது ஓய்வும் சிகிச்சையும். முதுமையில் சுறுசுறுப்பாக இருங்கள் என்ற அறிவுரை நாற்காலியில் இருந்து வந்த என் போன்றவர்களுக்கு. வயலிலேயே தேய்ந்தவர்களுக்கு அதைச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் செய்யக்கூடியது உண்டு. எங்கள் தோட்டத்தில் அவருக்கும் நீளக் காம்புக் கொத்துதான், வேலை நேரமும் வெயிலுக்கு முன்பே முடிகிறது, கூலி முழு நாளுக்கு. எனக்கு எது தேவை என்று நினைக்கிறேனோ அது அவருக்கும் தேவைதானே?

இன்னொன்று இளைஞர்களுக்கு. இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த கிசான் மான்தன் திட்டம் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால், 60 வயதில் இருந்து மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம். தொகை பெரிதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் உழவனுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டு என்பதை ஒத்துக்கொள்கிற ஏற்பாடு அது. பொதுச் சேவை மையத்தில் ஆதார், வங்கிக் கணக்கு விவரத்தோடு போய் விசாரிக்கலாம். வயது வரம்பு 40 என்பதால் தள்ளிப் போடக் கூடாது.

நம் மாதக் கூட்டங்களில் விதை பேசுகிறோம், மண் பேசுகிறோம், விலை பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் வயதைப் பற்றியும் பேசுவோம். எந்தக் கருவி யார் முதுகைக் காப்பாற்றியது, யாருக்கு இன்னும் உதவித்தொகை வரவில்லை, எந்த வீட்டுப் பிள்ளைக்கு 40 வயது நெருங்குகிறது என்று ஒரு பட்டியல் போடலாம். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். 35 வருடம் பார்த்த வேலை அது, கை மறக்கவில்லை.