நகல் இருக்கிறது, மீட்க முடியுமா?

2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு. மென்பொருள் உருவாக்குநர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் 'கிட்லேப்' நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் இருந்த தரவுத்தளக் கோப்புறையை அழிப்பதாக எண்ணி, முதன்மை வழங்கியில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள், சுமார் 300 ஜிபி தரவில் எஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

கட்டளையைத் தவறான கணினியில் இடுவது எந்த நிர்வாகிக்கும் நேரக்கூடியதுதான். அதற்குப் பின் தெரியவந்ததே அதிர்ச்சிக்குரியது. தரவைக் காக்க ஐந்து வகை ஏற்பாடுகள் இருப்பதாக நம்பப்பட்டது. ஆபத்து வேளையில் ஒன்றுகூட முறையாகக் கைகொடுக்கவில்லை. நாள்தோறும் நகலெடுக்கும் நிரலின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, உரிய சான்றொப்பம் இல்லாததால் உரியவரைச் சென்றடையவில்லை. சோதனைத் தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு எதேச்சையாக எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலே நிறுவனத்தைக் காப்பாற்றியது. இவற்றையெல்லாம் மறைக்காமல் வெளியிட்ட அந்த நிறுவனத்தின் நேர்மை பாராட்டுக்குரியது.

பெருநிறுவனத்தின் கதை நமக்கெதற்கு என்று தோன்றலாம். பழைய மடிக்கணினியிலோ 'ராஸ்பெரி பை' போன்ற சிறு கணினியிலோ லினக்ஸை நிறுவி, குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் வீட்டிலேயே சேமிப்போர் இன்று கணிசமாக உள்ளனர். மாதக் கட்டணம் இல்லை; நம் தரவு நம் வீட்டில் இருக்கிறது என்ற நிறைவும் உண்டு. ஆனால், அதைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

இதை நான் இழப்பின் வழியாகவே அறிந்தேன். என் வீட்டு வழங்கியில் ஒவ்வோர் இரவும் 'ஆர்சிங்க்' என்ற நிரல், கோப்புகளை வெளிப்புற வன்வட்டுக்கு நகலெடுத்து வந்தது. ஒருநாள் மின்தடைக்குப் பின் கணினி மீண்டும் இயங்கியபோது அந்த வட்டு இணைக்கப்படவில்லை. லினக்ஸில் வெளிவட்டு என்பது ஒரு கோப்புறையோடு பொருத்தப்படுவது. வட்டு பொருந்தாவிட்டாலும் கோப்புறை அங்கேயே இருக்கும். நிரலுக்கு வேறுபாடு தெரியாது. அது அந்தக் கோப்புறையில், அதாவது மூலக் கோப்புகள் இருந்த அதே உள்வட்டில், நகலை எழுதிக்கொண்டே இருந்தது. எட்டு மாதங்கள், ஒவ்வோர் இரவும் 'வெற்றி' என்ற குறிப்போடு. பிறகு உள்வட்டு பழுதானது. மூலமும் நகலும் சேர்ந்தே போயின. தந்தையாரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அவற்றில் இருந்தன.

தீர்வு மிக எளியது. வட்டு பொருந்தியிருக்கிறதா என்று 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் சரிபார்த்த பிறகே நகலெடுக்குமாறு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். கூடவே, தோல்வி நேர்ந்தால் தகவல் வரும் என்று காத்திராமல், வெற்றி பெற்றால் தகவல் வருமாறு அமைத்துக்கொள்வது நல்லது. தகவல் வராத நாளில் எழுந்து பார்க்கலாம்.

'ரெய்டு' முறையில் இரண்டு வட்டுகள் வைத்திருப்பதால் காப்பு நகல் தேவையில்லை என்போரும் உண்டு. இது பிழையான நம்பிக்கை. ஒரு வட்டு பழுதானால் வேலை தடைபடாதிருக்கவே அந்த ஏற்பாடு. கைதவறி அழித்த கோப்பு அடுத்த கணமே இரண்டாம் வட்டிலும் அழியும். மூலத்தில் நீக்கியதை நகலிலும் நீக்குமாறு ஆர்சிங்க்கை அமைத்தோருக்கும் இதே கதிதான். சற்றுத் தாமதமாக, அன்றிரவு. ஆகவே பழைய பதிப்புகளையும் சில மாதங்கள் தக்கவைக்கும் 'ரெஸ்டிக்', 'போர்க்' போன்ற நிரல்கள் மேலானவை.

மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்ற விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். நமக்கு 'வேறிடம்' என்பது சகோதரியின் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம்.

மறையாக்கம் செய்த நகலாயின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அதையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். அது வழங்கியில் மட்டும் இருந்தால், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவிதான். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்புறையை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். கடந்த மாதம், நான் எழுதிவைத்த குறிப்பை மட்டும் மகளிடம் கொடுத்து, என் உதவியின்றிப் படங்களை மீட்கச் சொன்னேன். நாற்பது நிமிடங்கள் ஆயின. குறிப்பில் இரண்டு இடங்களில் பிழை இருப்பதாகச் சொன்னாள். திருத்தி எழுதிவிட்டேன்.