இரு கண்ணுக்கும் ஒரே வெளிச்சவீடு

மட்டக்களப்பு வாவியில் பறவை பார்க்கிறவர்களுக்குப் பாலமீன்மடு வெளிச்சவீடு இன்னொரு விதத்திலும் உதவும்: பைனாகுலரின் இரு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று அதை வைத்துச் சோதிக்கலாம். பைனாகுலரை முக்காலியில் இறுக்கி, 1913இல் கட்டிய அந்த 28 மீற்றர் கோபுரத்தைக் குறிவையுங்கள். பிறகு கண்ணை ஒரு சாண் பின்னுக்கு எடுங்கள். இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். இரண்டிலும் கோபுர உச்சி ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும்.

கண்ணை ஒட்டிப் பார்த்தால் பிழை தெரியாது. மூளை இரு காட்சிகளையும் இழுத்துப் பொருத்திவிடும்; கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கும். மூக்கருகே உள்ளதைப் பார்க்க நம் கண்கள் உட்புறம் திரும்பிப் பழகியவை. அதனால் பக்கவாட்டுப் பிழையை ஓரளவு தாங்கும். ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயும் பார்க்கவேண்டிய தேவை வாழ்க்கையில் வருவதேயில்லை. மேல்கீழ்ப் பிழைதான் வதைக்கிறது.

இந்தப் பிழை பைனாகுலரின் உள்ளமைப்பிலிருந்து வருகிறது. முன்னாலுள்ள பொருள்வில்லை காட்சியைத் தலைகீழாக்கும். அதை நிமிர்த்தும் அரியங்களின், அதாவது பட்டகக் கண்ணாடிகளின், அமைப்புக்கு இத்தாலியரான இக்னாசியோ பொறோ 1854இல் காப்புரிமை பெற்றார். சைஸ் நிறுவனம் 1894இல் அதைப் பைனாகுலரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு அரியங்கள், நான்கு தெறிப்புகள். இரசப் பூச்சு தேவையில்லை: ஒளி முழுதாகத் தெறிக்கத் தொடங்கும் அவதிக்கோணம் சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய 41 பாகை, ஒளி படுவதோ 45 பாகையில். முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆனால் அரியங்கள் ஒன்றுக்கொன்று 1 பாகை திரும்பினால் காட்சி 2 பாகை சரியும். 160 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லை, ஒரு தாளின் தடிப்பான 0.1 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தாலே, எட்டு மடங்கு பெருக்கத்தில் காட்சி நிலவின் பாதி அகலத்துக்கு மேல் விலகும்.

சரிசெய்ய அரியத்தைச் சாய்க்கும் திருகாணிகள் உண்டு. சிலவற்றில் பொருள்வில்லையைச் சுற்றி மையம் விலகிய இரு வளையங்கள். திருகிக் காட்சிகளை ஒன்றாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கண் இடைவெளி குறைந்த ஒரு பிள்ளை அதை வாங்கி, நடுப் பிணைச்சலை மடித்துப் பார்த்தால் மறுபடி இரண்டாகப் பிரியும். குழாய்கள் ஒன்றுக்கொன்று இணையானால் போதாது. ஒவ்வொன்றின் ஒளியச்சும் நடுப் பிணைச்சலின் அச்சுக்கு இணையாக வேண்டும். அப்போது எப்படி மடித்தாலும் பொருந்தி நிற்கும். இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். இதற்கெனப் பட்டறைகளில் இணைக்கதிர் தரும் கருவி வைத்திருப்பார்கள்.

வாவிக்கரையின் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். துடைக்கவென்று அரியங்களைக் கழற்றினால் பொருத்தம் போய்விடும். மாரிக்கு முன்பே சிலிக்கா ஜெல் பையோடு மூடியிறுகிய டப்பாவில் வைத்துவிடுவது நல்லது.