6 கோப்ளின், 23 நாள்

ஆறு கோப்ளின்களைத் தீர்த்துக்கட்ட எங்களுக்கு 23 நாட்கள் ஆயின. மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடியிருந்தால் அரை மணி, கூடிப்போனால் முக்கால் மணி. எங்கேதான் போனது அத்தனை நாளும் என்று பின்னால் எல்லாப் பதிவுகளையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (தொழில் புத்தி. லாக் இருந்தால் படிக்காமல் விட முடியாது.) அந்தக் கணக்கிலிருந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். அவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். "குகை வாசலில் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள், என்ன பண்றீங்க?" என்று டிஎம் கேட்பார். "நான் பின்பக்கமா சுத்திப் போறேன்" என்பார் ஒருவர். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். தாயம் ஆடியவர்களுக்கு அந்தப் பதைப்பு தெரியும். பலகை, பொம்மை எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். பேச்சுதான் விளையாட்டு.

பெங்களூரில் ஒரே வீட்டில் தங்கியிருந்த காலத்தில் சனிக்கிழமை ராத்திரிகளில் இப்படித்தான் விளையாடினோம். அப்புறம் கல்யாணம், வேலை என்று கலைந்துபோனோம். இப்போது ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் டொராண்டோவில், ஒருவன் நியூ ஜெர்சியில், ஒருவன் கோவையில். நான் சென்னையில். வீடியோவில் சேர்ந்து பார்த்தோம், இரண்டு தடவைக்கு மேல் நடக்கவில்லை. எனக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. இதில் குழந்தைகள் தூங்கும் நேரத்தையும் பார்க்கணும். சரி, எழுதியே விளையாடுவோம் என்று முடிவானது. டிஸ்கார்டில் ஒரு அறை, பகடை உருட்ட ஒரு பாட். அவரவருக்கு முடிந்தபோது நாளுக்கு ஒரு பதிவு போட்டால் போதும் என்று பேசிக்கொண்டோம்.

நான் செய்த தவறு என்னவென்றால், மேசையில் எப்படி நடத்தினேனோ அப்படியே எழுத்திலும் நடத்தினேன்.

மேசையில் சண்டை வந்தால் எல்லோரும் ஒரு தடவை உருட்டி யார் முதலில், யார் இரண்டாவது என்று வரிசை போட்டுக்கொள்வோம். இனிஷியேட்டிவ் என்று பெயர். அந்த வரிசையை எழுத்தில் வைத்தால் சிங்கப்பூர்க்காரன் எழுதும்வரை டொராண்டோக்காரன் காத்திருக்க வேண்டும், அவன் எழுதும்வரை கோவைக்காரன். நாலு பேர், நாலு சுற்று, ஆக 16 முறை. ஒரு முறைக்கு ஒரு நாள் என்று வைத்தால் 16 நாள் போச்சு. மிச்சம் ஏழு நாள் எங்கே என்று தேடினால், எல்லாமே சில்லறைக் கேள்விகள். "அந்தக் கோப்ளின் எனக்கு எத்தனை அடி தூரத்துல இருக்கு?" "தூணுக்குப் பின்னாடி ஒளிய முடியுமா?" நான் ஆபீஸ் முடிந்து வந்து பதில் போடுவேன். அதை அவன் மறுநாள் காலையில் பார்ப்பான்.

லூப்புக்குள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கூப்பிடும் கோட் ஒன்றை யாராவது எழுதினால் ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுவேன். அதையே நான் நண்பர்களை வைத்துச் செய்துகொண்டிருந்தேன். எழுத்து விளையாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதற்குச் செலவே இல்லை. ஒரு போய்வரலுக்குத்தான் விலை: ஒரு நாள்.

இது புரிந்தபிறகு விதிகளை எல்லாம் இந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பப் படித்தேன். ரொம்பத் தொல்லை கொடுப்பது 'ரியாக்‌ஷன்' என்கிற வகை. அடுத்தவர் முறை நடுவே புகுந்து செய்கிற காரியம். ஓர் உதாரணம். எங்கள் மந்திரவாதியின் தற்காப்பு எண் 13. கோப்ளின் 20 முகப் பகடையில் 12 போடுகிறது, அதன் திறமைக்கு 4 கூட்டினால் 16. அடி விழும். ஆனால் அவனிடம் ஷீல்ட் என்ற மந்திரம் உண்டு. அடி விழும் அந்தக் கணத்தில் அதைப் போட்டால் தற்காப்பு எண்ணில் 5 கூடி 18 ஆகிவிடும், கோப்ளினின் 16 வீண். முதல் லெவல் மந்திரவாதிக்கு இந்த மாதிரி மந்திரம் நாளுக்கு இரண்டுதான். எனவே போடவா வேண்டாமா என்பது உண்மையிலேயே அவன் எடுக்க வேண்டிய முடிவு. மேசையில் "ஷீல்ட் போடுறியா?" "போடுறேன்." இரண்டு விநாடி. எழுத்தில் சண்டை அங்கேயே உறைந்து நிற்கும், நியூ ஜெர்சியில் பொழுது விடியும்வரை.

தீர்வைத் தபால் வழி செஸ் ஆடியவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நகர்வை அட்டையில் எழுதி அனுப்பும்போதே "நீ இதை ஆடினால் என் பதில் இது" என்று சேர்த்து எழுதி அனுப்பும் வழக்கம் அவர்களிடம் உண்டு. எங்கள் மந்திரவாதியும் இப்போது பதிவின் அடியில் எழுதி வைத்துவிடுகிறான்: "அடி விழுந்து, ஷீல்ட் போட்டா தப்பிக்கலாம்னா போடு. கடைசி மந்திரம் மட்டும் மிச்சம்னா, உயிர் போற அடிக்கு மட்டும் போடு." நான் அதைப் பார்த்துத் தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பேன். புரோகிராமர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இது கால்பேக்தான்.

வரிசையையும் தூக்கி எறிந்தேன். சண்டை தொடங்கும்போது எதிரிகளுக்கு மொத்தமாக ஒரே ஒரு உருட்டல். அதை ஜெயித்தவர்கள் முதலில் ஒரு முறை ஆடிக்கொள்ளலாம். அதற்குப்பின் எதிரிகள் ஒரு கூட்டமாக, நம்மாட்கள் ஒரு கூட்டமாக. நம்மாட்களுக்குள் யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்தான் முதல். சுற்றுக்கு 48 மணி நேரம்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்தது, நான் எதையும் மறைக்காமல் விட்டதில்தான். மேசையில் டிஎம்கள் எதிரியின் எண்களைக் காட்ட மாட்டார்கள். பகடையை உருட்டிவிட்டு "17... அடிச்சுட்டேனா?" என்று கேட்கும் முகத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம். எழுத்தில் அந்த முகம் எனக்குத் தெரியாது. தெரியாத முகத்துக்காக ஒரு நாளைக் கொடுப்பானேன்? இப்போது சண்டையின் முதல் பதிவிலேயே போட்டுவிடுகிறேன்: கோப்ளின், தற்காப்பு 15, உயிர் 7. ஆட்டக்காரர் தானே உருட்டி, அடி விழுந்ததா என்று தானே பார்த்து, கோப்ளின் செத்தால் அது எப்படிச் செத்தது என்பதையும் தானே எழுதலாம். இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. எல்லோரும் நன்றாக எழுத ஆரம்பித்தார்கள். சொந்தக் கையால் எழுதிய சாவை யாரும் "அடிச்சேன், செத்துடுச்சு" என்று முடிப்பதில்லை.

சண்டை இல்லாத நேரத்தில் பிரச்சினை வேறு. "அறைக்குள் வருகிறீர்கள். இரண்டு கதவுகள் இருக்கின்றன. என்ன செய்கிறீர்கள்?" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் நாலு நாளைக்கு ஒன்றும் நடக்காது. கதவு மரமா இரும்பா என்று ஒருவன் கேட்பான். மற்ற மூன்று பேரும் கல்யாணப் பந்தி வாசலில் நிற்பதைப் போல "நீங்க முதல்ல" என்று நிற்பார்கள். உருட்டாமலேயே ஒரு பாத்திரத்தின் கண்ணில் படுவதற்கு விதியிலேயே ஒரு எண் இருக்கிறது. பத்தோடு அவரவர் கூர்மையைக் கூட்டினால் வரும். எங்கள் திருடனுக்கு 14. அவனுக்குத் தெரியக்கூடியதை எல்லாம் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். கூடவே ஏதாவது ஒன்று நெருங்கி வந்துகொண்டிருக்க வேண்டும்: இடதுபக்கக் கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம், கையிலிருக்கும் பந்தத்தில் எண்ணெய் குறைகிறது, இப்படி. எந்த வழி என்று யாராவது ஒருவர் சொல்லி, ஒரு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அதுதான் எல்லோருடைய வழி.

இதுவரை சொன்னது எல்லாம் வேகம் பற்றிய விஷயம். இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது.

சிங்கப்பூர்க்காரன்தான் எங்கள் திருடன். பெங்களூர் நாட்களில் அவன் மேசையில் இருந்ததே தெரியாது. மற்ற மூன்று பேரும் சத்தக்காரர்கள். அவன் முறை வரும், "அடிக்கிறேன்" என்பான், உருட்டுவான், அவ்வளவுதான். எழுத்துக்கு வந்ததும் ஆள் மாறிவிட்டான். குறுக்கே பேச யாரும் இல்லாத இடத்தில் நிதானமாக, பத்தி பத்தியாக எழுதினான். திருநெல்வேலிக்காரன். ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் மறக்காத அந்தப் பேச்சைத் திருடனின் வாயில் வைத்தான். பூட்டை நெம்பும்போது திருடன் அதனிடம் "ஏலே, செத்த திறயேன்" என்று கெஞ்சுவான். எழுத்துநடையில் விவரிப்பு, பேச்சுநடையில் வசனம் என்று அவன் தொடங்கி வைத்ததை அப்புறம் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். ஆங்கிலமும் தமிழும் கலந்து மேசையில் பேசியபோது இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கட்டத்தில் அவனிடமிருந்து ஒன்பது நாட்கள் பதிவு வரவில்லை. மற்றவர்கள் கோவில் ஒன்றின் கருவறைக்குள் காத்திருந்தார்கள். எனக்கு 48 மணி நேர விதி இருந்தது: எழுதாதவருக்காக டிஎம் எழுதலாம். எழுதினேன். பலிபீடத்தின் மேல் பதித்திருந்த கல்லைத் திருடன் நைசாகப் பெயர்த்து எடுக்கிறான், பொறி விழுகிறது, கூரை சரிகிறது. திருடன்தானே, எடுக்காமல் இருப்பானா? கதையும் சூடு பிடித்தது. மற்ற மூன்று பேரும் ஆறு நாட்கள் உற்சாகமாக எழுதித் தள்ளினார்கள்.

அவன் திரும்பி வந்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊருக்கு ஓடிப்போயிருக்கிறான். எல்லாவற்றையும் படித்துவிட்டு எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பினான்: "மச்சி, அவன் அதை எடுத்திருக்க மாட்டான்டா."

பழைய பதிவுகளைத் தேடினேன். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்கிறான். சின்ன வயதில் கோவில் மடப்பள்ளிச் சோற்றில் வளர்ந்தவன் அந்தத் திருடன், எந்தச் சாமி இடத்திலும் கை வைப்பதில்லை. நானே அதைப் படித்து "சூப்பர்" என்று பதில் போட்டிருக்கிறேன். மேசையில் சொன்னது காற்றோடு போகும், மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். இது எழுத்தில் கண் முன்னால் இருந்தது. நாலு பேரிடமும் விஷயத்தைச் சொல்லி அந்த ஆறு நாள் பதிவுகளையும் அழித்தோம். நியூ ஜெர்சிக்காரன் அந்த வாரம் எழுதிய ஒரு மந்திரச் சண்டை அவன் எழுதியதிலேயே சிறந்தது. அதுவும் போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு வாரம் எழுதவும் இல்லை.

வராத ஆட்டக்காரரை என்ன செய்வது என்பது எனக்கு முன்னால் யாருக்காவது வந்த பிரச்சினையாகத்தானே இருக்கணும் என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். வந்திருக்கிறது, ரொம்ப முன்னாலேயே. டிப்ளமஸி என்று ஒரு பலகை விளையாட்டு. ஆலன் கால்ஹேமர் என்ற அமெரிக்கர் 1959இல் சொந்தச் செலவில் வெளியிட்டது. (பிற்காலத்தில் இவர் தபால்காரராக வேலை பார்த்தார் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான தகவல்.) முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், ஏழு பேர். எல்லோரும் தங்கள் படைகளுக்கான ஆணையைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். இப்படி எழுத்திலேயே இருப்பதால் தபாலுக்கு மாற்றுவது சுலபம். 1963இல் ஜான் போர்ட்மன் என்பவர் 'கிராஸ்டார்க்' என்ற சிற்றிதழ் வழியாக இதைத் தபாலில் நடத்தத் தொடங்கினார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பு. ஓர் ஆட்டம் முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் கடிதம் வராமல் போவது சகஜம். 'நகர்வு வரவில்லை' என்பதற்கு அவர்கள் மூன்றெழுத்துச் சுருக்கமே வைத்திருந்தார்கள்: என்எம்ஆர். ஆணை வராத படை என்ன செய்யும்? இருந்த இடத்திலேயே நிற்கும். தாக்காது, நகராது. தொடர்ந்து வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறொருவர் அந்த நாட்டை எடுத்துக்கொள்வார். நடத்துபவர் யாருடைய படையையும் தன் இஷ்டத்துக்கு நகர்த்துவதில்லை.

இப்போது எங்கள் விதியும் அதுதான், கொஞ்சம் மாற்றத்தோடு. எழுதாதவரின் பாத்திரம் கூட்டத்தின் பின்னால் நடந்து வரும். சண்டை வந்தால் கையிலிருக்கும் ஆயுதத்தால் சாதாரணமாக அடிக்கும். எந்த முடிவும் எடுக்காது, பொருளைச் செலவழிக்காது, சாகாது. வசனம் பேசாது என்பதை நான் சேர்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் குழுவில் கேட்காமல் தனியாக நலம் விசாரிக்க வேண்டும். இது விளையாட்டு விதி இல்லை, ஆனாலும் அதே தாளில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம் ஓடுகிறது, நான்காம் லெவலுக்கு வந்திருக்கிறோம். மேசையில் இது சில மாத வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைக் கேட்டால், ஆட்டக்காரர்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம். முதல் கதையை ஒரே வீட்டுக்குள், ஒரே ராத்திரியில் முடிகிற மாதிரி வையுங்கள். மூன்று மாதம் பிடிக்கும். வராதவரை என்ன செய்வது என்பதை முதல் பகடை உருளும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் போன மாதம் திரும்பவும் ஆறு கோப்ளின்களைச் சந்தித்தோம். ஏழு நாளில் முடிந்தது. அதில் இரண்டு நாள் தீபாவளி.