மேகம் ஒதுங்கும் ஆறு

"ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சாயங்காலம் சிலுசிலுவென்று காற்று வருகிறதே, அது ஆறு கொடுக்கும் காற்றுதானே?" என்று காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை, அந்தக் காற்று கடலுடையது. குளிர்ச்சியில் மட்டும் ஆற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் தானே காற்றைக் கிளப்பும் ஆறுகளும் உலகில் இருக்கின்றன.

கடற்காற்று, கரைக்காற்று எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அதே வித்தையை ஆறு செய்ய வேண்டுமானால் அதற்கு அகலம் வேண்டும். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு எதுவானாலும் இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் ஏனென்று கேட்பார்கள். அந்தச் சின்னத் தண்ணீரைக் காற்று தாண்டிப் போகும் நேரத்தில் குளிர்வதற்கு அவகாசம் ஏது? சில கிலோமீட்டராவது வேண்டும்.

பிரேசிலில் சாந்தரேம் என்ற ஊருக்கருகே தபஜோஸ் ஆறு அமேசானில் கலக்கிறது. கலப்பதற்கு முன் அதன் அகலம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். ஓடுவது தெற்கிலிருந்து வடக்கே. அங்கே வழக்கமாக வீசுவது கிழக்குக் காற்று. வெயில் ஏறியதும் ஆற்றின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று இரண்டு கரைக்கும் பிரிந்து போகும். மேற்குக் கரையில் அது கிழக்குக் காற்றோடு கலந்துவிடுவதால் தனியாகத் தெரியாது. கிழக்குக் கரையில் எதிர்த்துப் போயாக வேண்டும். இரண்டும் முட்டும் இடத்தில் காற்று மேலே எழுவதைத் தவிர வழியில்லை; அங்கே மேகம் வரிசை கட்டும். ஆற்றின் மேலோ காற்று கீழே இறங்கும், வானம் வெறிச்சென்று கிடக்கும். பிற்பகலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்: காடு முழுக்கத் துண்டு மேகங்கள், நடுவே ஆறு வளைகிற இடமெல்லாம் மேகமும் விலகி வழிவிட்டிருக்கும்.

இரவில் எல்லாம் தலைகீழ். ஆறிய கரைகளிலிருந்து காற்று தண்ணீரை நோக்கி வந்து நடுவில் மோதி எழும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இரவில் இடிமழை கொட்டுவதற்கும், அதில் சிக்கி மீனவர்கள் சாவதற்கும் இந்த மோதல் ஒரு முக்கியக் காரணம்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட சங்கதி வேறு. அமேசானில் ஊர்களெல்லாம் ஆற்றங்கரையில், படகுதான் பஸ். எனவே மழைமானிகளும் பெரும்பாலும் கரையில்தான். 1997-ல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய, மழையை அளக்கும் டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளின் பல வருடப் பதிவுகளை அலசியபோது, பெரிய ஆறுகளின் மேல் சுற்றுக் காட்டைவிட மழை குறைவு என்று தெரிந்தது. எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் வாளி வைத்து ஊர் மழையை அளந்த கதைதான்! சாந்தரேம் பக்கம் இரவு மழை வந்து ஓரளவு ஈடுகட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உலகின் மிகப் பெரிய ஆற்றுப்படுகையின் மழைக் கணக்கை மழை தயங்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம்.

குரும்பகரத்துக்கு வருவோம். கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் ஆறு மட்டுமா நனைகிறது? வாய்க்கால், குளம், நடவு வயல் எல்லாம் நிறைகின்றன. வெயிலின் சூட்டில் பெரும்பங்கு ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கடற்காற்று அதன் மேல் தவழ்ந்து வரும்போது சுகமாக இருக்கும். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி.; அது காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர். வராத மாதங்களில் ஆறு வெறும் மணல். காய்ந்த மணல் நட்ட வயலைவிட வேகமாகச் சுடும். குளத்தைத் தூர்த்து மனை போட்டுவிட்டு, முன்பெல்லாம் இவ்வளவு புழுக்கம் இல்லை என்று திண்ணையில் விசிறிக்கொண்டு பேசுகிறோம்.

தபஜோஸ் கிழக்குக் கரையில் நடப்பது நம் கரையிலும் நடக்கிறது, திசைதான் மாறியிருக்கிறது. ஜூன் முதல் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். கடற்காற்று கிழக்கிலிருந்து அதை எதிர்த்து உள்ளே நுழையப் பார்க்கும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று நேரம் கழித்தே வரும், அதுவரை ஊர் வேகும். இரண்டும் மோதும் இடத்தில் போதிய ஈரமிருந்தால் சாயங்காலம் இடிமழை. நாசாவின் இணையதளத்தில் அன்றன்றைய செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜூலையில் ஒரு நாள், காலைப் படத்தையும் பிற்பகல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரையோரம் மேகமில்லாத பட்டை குரும்பகரத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.