கடல் கடந்து போகும்போது காசு பத்திரம்!

திருப்பதிக்குப் போவது என்றால் பணத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். போகிற வழி எல்லாம் நம் ரூபாய் செல்லும்.

சிங்கப்பூருக்குப் போவது என்றால் என்ன செய்வது?

சின்னசேலத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர், மனைவி, வேலைக்குப் போகும் மகன், மகள் என்று நாலு பேர். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் கொஞ்சம். மனைவி கட்டிய சீட்டுப் பணம் கொஞ்சம். மூன்று வருடமாகச் சேர்த்தது. விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போக, கைச்செலவுக்கு 1½ லட்சம் ரூபாய் இருக்கிறது. திருச்சியில் விமானம் ஏறி, ஐந்து நாள் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"எல்லாத்தையும் 500 ரூபா நோட்டாக் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிடலாம். அங்கே போய் மாத்திக்கலாம்" என்கிறார் கணவர்.

"ஏங்க, அவ்வளவும் ஒரே பையிலயா? பை போச்சுன்னா ஒரு வாய் தண்ணி வாங்கக்கூடக் காசு இருக்காதே!" என்கிறார் மனைவி.

மனைவியின் பயம் நியாயமானது. கணவரின் யோசனையில் இன்னொரு தவறும் இருக்கிறது. சட்டமே அதற்கு இடம் கொடுக்காது!

8 டாலர் காலம்

ஒரு காலத்தில் தமிழர்கள் கப்பலில்தான் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நாகப்பட்டினம் வழியாகச் சென்ற 'ரஜூலா' கப்பலைப் பழைய ஆட்கள் இன்றும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பணம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சர்க்கார் கையில் அன்னியச் செலாவணி குறைவு. அதனால் கட்டுப்பாடு அதிகம். 1960-ம், 1970-ம் ஆண்டுகளை ஒட்டி அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இந்திய மாணவர்கள் பலர், "8 டாலரோடு போய் இறங்கினோம்" என்று சொல்வார்கள்.

பணத்தின் விலையும் ஒரே மாதிரி நிற்பது இல்லை. 1966-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு அமெரிக்க டாலர் 4 ரூபாய் 76 காசு. அதன் பின் 7 ரூபாய் 50 காசு!

இப்போது அந்த நெருக்கடி இல்லை. அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டம் 1999-ல் நிறைவேறியது. 2000-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி ரிசர்வ் வங்கி விதிகளை வகுத்திருக்கிறது.

எவ்வளவு கொண்டு போகலாம்?

இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் வெளியே கொண்டு போகலாம். (நேபாளம், பூடான் நாடுகளுக்கு விதி வேறு.) நாலு பேர் போனாலும் மொத்தம் 1 லட்சம்தான். ஆகவே கணவரின் 1½ லட்ச ரூபாய்க் கட்டு விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது.

வெளிநாட்டு நோட்டுகளாக, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் தேவை என்றால் கார்டு போன்ற வழிகளில் கொண்டு போக வேண்டும்.

சுற்றுலா போகும் குடும்பத்துக்கு இது தாராளம். ஆனால் கொண்டு போகலாம் என்பதற்காக அவ்வளவையும் நோட்டாகக் கொண்டு போக வேண்டியது இல்லை.

எங்கே மாற்றுவது?

ஊரை விட்டுப் புறப்படும் முன்பே கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது. வங்கியில் மாற்றலாம். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்திலும் மாற்றலாம். பாஸ்போர்ட், பான் கார்டு, பயண டிக்கெட் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ மாற்றுவதானால், ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் இருந்துதான் கொடுக்க வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஒரே கடையில் விசாரித்துவிட்டு மாற்றிவிடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில், "இவ்வளவு ரூபாய் கொடுத்தால், எல்லாக் கட்டணமும் போகக் கையில் எத்தனை டாலர் வரும்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி போதும். 'கமிஷன் இல்லை' என்று எழுதி வைத்திருப்பார்கள். லாபத்தை டாலரின் விலையிலேயே சேர்த்திருப்பார்கள்!

விமான நிலையத்தில் மாற்றினால் பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். 100 ரூபாய்க்கு 3 ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1 லட்சத்துக்கு 3,000 ரூபாய் போச்சு. அது நாலு பேரின் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு!

"இங்கே ரூபாயைக் கொடுங்கள். அங்கே என் ஆள் டாலர் தருவார்" என்று சிலர் சொல்லக்கூடும். அந்த உண்டியல் முறை சட்ட விரோதம். பணம் போனால் புகார் கொடுக்கவும் முடியாது.

நாலு பங்கு

மனைவி சொன்னதுதான் முதல் பாடம். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. அந்த 1½ லட்சத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

முதல் பங்கு, 70,000 ரூபாய். இதை வங்கி தரும் பயண அட்டையில் சிங்கப்பூர் டாலராக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் அன்று என்ன விலையோ, அதுதான் விலை. பிறகு டாலர் ஏறினாலும் கவலை இல்லை.

இரண்டாவது பங்கு, 40,000 ரூபாய். இதைச் சிங்கப்பூர் டாலர் நோட்டுகளாக மாற்றலாம். சின்ன நோட்டுகளாகக் கேட்டு வாங்க வேண்டும். கணவரிடம் பாதி, மனைவியிடம் பாதி இருக்கட்டும். சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும்.

மூன்றாவது பங்கு, 30,000 ரூபாய். இது வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். மகனிடம் உள்ள சாதாரண வங்கி அட்டை ஆபத்துக்கு உதவும்.

நாலாவது பங்கு, 10,000 ரூபாய். இது நம் நோட்டாகவே பெட்டியின் அடியில் இருக்கட்டும். திரும்பி வந்து திருச்சியில் இறங்கியதும், சின்னசேலத்துக்கு வண்டி பிடிக்க வேண்டாமா?

அட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2020-ம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்த முறைப்படி, புதிய அட்டைகள் முதலில் உள்நாட்டில்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் செல்ல வேண்டுமானால், வங்கியில் சொல்லியோ செல்போன் மூலமோ அந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் போனால் அட்டை வெறும் அட்டைதான்! நம் செல்போன் எண்ணும் அங்கே வேலை செய்ய வேண்டும். வங்கி அனுப்பும் ரகசிய எண் அதற்குத்தான் வரும்.

இந்தியாவில் செல்போனைக் காட்டியே பணம் கொடுத்துப் பழகிவிட்டோம். வெளிநாட்டில் எல்லா இடத்திலும் அது நடக்காது. இலங்கையில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி நம் யு.பி.ஐ. வசதி தொடங்கப்பட்டது. போகிற நாட்டில் அது உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

"ரூபாயா? டாலரா?"

கடையில் அட்டையைக் கொடுத்ததும், கருவி ஒரு கேள்வி கேட்கலாம். "ரூபாயில் செலுத்துகிறீர்களா? சிங்கப்பூர் டாலரில் செலுத்துகிறீர்களா?"

நம் ரூபாயைப் பார்த்ததும் மனம் குளிரும். 'ரூபாய்' என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது! அந்த ஊர்ப் பணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் என்ன? ரூபாய் என்று சொன்னால், டாலருக்கு என்ன விலை என்பதைக் கடைக்காரர் பக்கத்துக் கருவி முடிவு செய்யும். அதில் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கும். 200 டாலர் பில் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக டாலர் 70 ரூபாய் என்றால் 14,000 ரூபாய். நூற்றுக்கு 5 கூட்டினால் 700 ரூபாய் நஷ்டம். ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தியதற்கு 700 ரூபாய்!

சாதாரண வங்கி அட்டையைப் பயன்படுத்தினாலும் கட்டணம் உண்டு. பல வங்கிகள் நூற்றுக்கு 2 முதல் 3½ வரை வாங்குகின்றன. ஏ.டி.எம்.மில் எடுத்தால் தடவைக்குத் தனிக் கட்டணமும் இருக்கும். அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட, தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையாக எடுப்பது மேல்.

தமிழ் பேசும் பணம்

சிங்கப்பூர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிட்டிருப்பார்கள். முதல் ஜனாதிபதி யூசுப் பின் இஷாக்கின் படமும் இருக்கும். அங்குள்ள தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள்.

தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நம் பணம் போலவே தோன்றும். அங்கேதான் கை நழுவும்! "தண்ணீர் 2 வெள்ளிதானே" என்று தோன்றும். 70-ஆல் பெருக்கினால் 140 ரூபாய். எண் சிறியது, விலை பெரியது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மகளிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு செலவையும் வெள்ளியிலும் ரூபாயிலும் அவள் எழுதட்டும். இரவில் எல்லோரும் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். முதல் நாளே கை தானாகச் சுருங்கும்!

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. சிங்கப்பூரில் 2024-ம் ஆண்டு முதல் சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 9. இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 டாலருக்குக் குறையாமல் பொருள் வாங்கும் சுற்றுலாப் பயணிகள், புறப்படும்போது விமான நிலையத்தில் கேட்டுப் பெறலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

அட்டை தொலைந்தால்?

வங்கியின் போன் எண்ணை ஒரு தாளில் எழுதி, அட்டை இல்லாத வேறு பையில் வைக்க வேண்டும். தொலைந்தது தெரிந்த உடனே போன் செய்து அட்டையை நிறுத்தச் சொல்ல வேண்டும். "நாளைக்குத் தேடிப் பார்க்கலாம்" என்று இருந்தால், அதற்குள் வேறு ஒருவர் செலவு செய்துவிடுவார். ரகசிய எண்ணை அட்டையின் பின்னால் எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போல!

திரும்பி வந்த பிறகு மிச்சம் இருக்கும் நோட்டுகளை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. சில்லறைக் காசுகளுக்கு வரம்பு இல்லை. ஆனால் அவற்றைப் பணமாற்று நிலையத்தில் வாங்குவது அபூர்வம். அதனால் கடைசி நாளில் காசுகளை முதலில் செலவு செய்துவிட வேண்டும்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். கடல் கடந்து போடுகிற காசை இன்னும் கவனமாக அளக்க வேண்டும். அது மண்ணில் பாடுபட்டுச் சேர்த்த காசு. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. பிரித்து வைத்து, கேட்டு மாற்றி, எழுதிச் செலவு செய்தால், ஐந்து நாளும் சந்தோஷமாகப் போகும். திருச்சியில் இறங்கியதும், பெட்டியின் அடியில் இருக்கும் 10,000 ரூபாய் குடும்பத்தைச் சின்னசேலத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்!